மிச்சமிருக்கும் பால் சொல்லும் சேதி

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் செவிலியராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய வார்டில் பிரசவிக்கும் கறுப்பினத் தாய்மார்களில் பலர் வீட்டுக்குக் கிளம்பும்போதே புட்டிப்பாலோடுதான் கிளம்புகிறார்களாம். "அவர்களுக்குப் பால் சுரப்பு குறைவு என்று கூட வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். உடம்பில் அப்படி ஏதாவது வித்தியாசம் உண்டா?" என்பது அவர் கேள்வி.

கிடையாது. ஆனால் எண்ணிக்கையில் வித்தியாசம் இருப்பது உண்மை. 2019இல் பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ்களை வைத்து அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணக்கெடுத்தது. தாய்ப்பால் குடிக்கத் தொடங்கிய குழந்தைகள் மொத்தத்தில் 84.1 சதவீதம். கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளில் அது 73.6. ஆசிய வம்சாவளித் தாய்மார்களிடம் 90.3. இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரிய, பால் சுரக்கும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பள்ளியில் படித்தது நினைவிருக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் கர்ப்ப காலத்தில் பால் சுரப்பை அடக்கி வைத்திருந்த புரோஜெஸ்ட்ரான் சரிகிறது, பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டினின் கை ஓங்குகிறது. முதலில் சில கரண்டி அளவே வரும் சீம்பால், இரண்டு மூன்று நாளில் பாலாகப் பெருகுகிறது. குழந்தை சப்பும்போது ஆக்ஸிடாசின் சுரந்து, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்கள் இறுகி, பால் இறங்குகிறது. சரி, இதுவரை எல்லாம் ரத்தத்தில் ஓடும் ஹார்மோன்களின் வேலை.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இரண்டு மார்பகங்களுக்கும் போவது ஒரே ரத்தம், அதே ஹார்மோன்கள். ஆனாலும் ஒரு பக்கம் மட்டுமே குடித்துப் பழகிய குழந்தையின் தாய்க்கு மற்றப் பக்கம் மட்டும் வற்றிவிடுகிறது. ஹார்மோன்தான் எல்லாம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா வற்ற வேண்டும்?

இதற்கு விடை ஆட்டு மடியில் கிடைத்தது. ஆட்டுக்கு மடியில் இரண்டு பகுதிகள், ஒன்றோடொன்று கலக்காதவை. ஒரு பகுதியை மட்டும் கூடுதல் தடவை கறந்தால், அந்தப் பக்கம் மட்டும் சுரப்பு கூடியது. பால் தேங்கி அழுத்துவதால்தான் சுரப்பு குறைகிறதோ என்று சந்தேகம் வரும். அதையும் சோதித்தார்கள். கறந்த பாலின் அளவுக்கே சர்க்கரைக் கரைசலை உள்ளே செலுத்தி, மடியைப் பழையபடி நிறைத்து வைத்தார்கள். மடி நிறைந்திருந்தும் சுரப்பு கூடத்தான் செய்தது! அப்படியானால் சுரப்பைத் தடுப்பது அழுத்தம் மட்டும் இல்லை, பாலுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் மால்கம் பீக்கர், காலின் வைல்டு குழுவினர் அதைத் தேடிப் போய், பாலின் தெளிநீரில் உள்ள ஒரு புரதத்தைச் சுட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் செரோடோனின் என்ற வேறொரு வேதிப்பொருளைக் கைகாட்டினார்கள். பொருள் எது என்ற விவாதம் இருக்கட்டும், வேலை நடக்கும் விதம் அற்புதமானது. வெளியேறாமல் தங்கும் பால், தன்னைச் செய்த செல்களிடமே "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. பால் வெளியேறினால் அந்தச் சேதியும் கூடவே போய்விடுகிறது, செல்கள் மறுபடி வேலையைத் தொடங்குகின்றன. எவ்வளவு தேவை என்பதைக் குழந்தையின் வாய்தான் கணக்குச் சொல்கிறது. நாள்கணக்கில் பால் எடுக்கப்படாமலே இருந்தால், சுரக்கும் செல்களே மடியத் தொடங்கும்.

இவ்வளவும் ஆடு மாடுகளின் மடியிலிருந்து தெரியவந்ததற்குக் காரணம், பால் வியாபாரத்துக்காக ஆராய்ச்சிப் பணம் அங்கே போனதுதான். அதில் ஒரு பங்காவது தாய்மார்களின் சுரப்பைப் படிக்கப் போயிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது அந்த வார்டுக்கு வருவோம். இரண்டாம் நாள் இரவு. குழந்தை அழுகிறது. தாய் தூங்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு குழந்தையைத் தனி அறைக்கு எடுத்துப்போய் ஒரு புட்டி பவுடர் பால் கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை மணிக்கணக்கில் தூங்குகிறது. அத்தனை நேரமும் தாயின் மார்பில் தங்கிய பால் "நிறுத்து" என்கிறது. மறுநாள் பால் குறைவாகத் தெரிகிறது, இன்னொரு புட்டி வருகிறது. இப்படித்தான் "இவருக்குப் பால் போதாது" என்பது உண்மையாகவே ஆகிவிடுகிறது. (நம் வீடுகளில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் மூடப்பழக்கமும் இதே கணக்கைத்தான் கெடுக்கிறது.)

அந்தப் புட்டி எல்லா மருத்துவமனையிலும் ஒரே மாதிரி வருவதில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2014ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். கறுப்பினத்தவர் விகிதம் தேசிய சராசரியைவிட அதிகமுள்ள வட்டாரங்களில், தேவையில்லாமல் புட்டிப்பால் கொடுக்காமல் இருந்த பிரசவ மருத்துவமனைகள் சுமார் 13 சதவீதம்தான். மற்ற வட்டாரங்களில் 26. தாயையும் சேயையும் ஒரே அறையில் வைத்திருப்பதிலும் இதே ஏற்றத்தாழ்வு. எத்தனை வாரம் தாய்ப்பால் தொடர்கிறது என்பதில் கறுப்பின, வெள்ளைத் தாய்மார்களிடையே உள்ள இடைவெளிக்கு மருத்துவமனையிலேயே கொடுக்கப்பட்ட பவுடர் பால்தான் மிகப் பெரிய காரணம் என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இதற்குப் பின்னால் ஒரு வலியும் இருக்கிறது. அடிமைக் காலத்தில் எஜமானர்களின் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட பெண்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். 1946இல் வட கரோலினாவில் ஃபுல்ட்ஸ் என்ற கறுப்பினக் குடும்பத்தில் ஒரே பிரசவத்தில் நான்கு பெண் குழந்தைகள் பிறந்தன. பிரசவம் பார்த்த டாக்டரே பெட் மில்க் என்ற டின் பால் நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசினார். அந்தக் குழந்தைகளின் படங்கள் கறுப்பின மக்களுக்கான விளம்பரங்களாயின. புட்டிதான் நாகரிகம் என்று இப்படி விற்றுவிட்டு, பின்னால் "அவர்கள் கலாசாரமே அப்படி" என்று சொல்வது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அப்புறம் வேலை. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைப்பது 12 வார விடுப்பு, அதுவும் சம்பளமில்லாமல். 50 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கு அதுவும் கட்டாயமில்லை. சம்பளம் இல்லாமல் எத்தனை வாரம் தாக்குப்பிடிக்க முடியும்? சீக்கிரமே வேலைக்குத் திரும்பி, எட்டு மணி நேரம் நின்று, பம்ப் செய்ய இடமும் நேரமும் இல்லாதவருக்கு, அந்த "நிறுத்து" தினமும் போய்ச் சேர்கிறது. வேலையிடத்தில் பால் எடுக்க நேரமும் தனியிடமும் தரும் உரிமையை இன்னும் பல தொழிலாளர்களுக்கு விரிவாக்கிய பம்ப் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

வாசகிக்கு நான் அனுப்ப விரும்புவது ஒரு கணக்கு. சாம்ப்ஸ் என்ற திட்டத்தில் 2014 முதல் 2017 வரை, மிசிசிப்பி உள்ளிட்ட தென் மாநிலங்களின் சுமார் 30 மருத்துவமனைகள் வேலைமுறையை மாற்றின. பிறந்த உடனே குழந்தையைத் துணி மூடாத தாயின் மார்பில் கிடத்தினார்கள். இரவிலும் தாயோடு ஒரே அறையில் விட்டார்கள். அங்கே பிரசவித்த கறுப்பினத் தாய்மார்களில் தாய்ப்பால் தொடங்கியவர்கள் 46 சதவீதத்திலிருந்து 63ஆகக் கூடினார்கள். வெள்ளைத் தாய்மார்களோடு இருந்த இடைவெளியும் மூன்று ஆண்டுக்குள் சுமார் 10 புள்ளிகள் சுருங்கியது. உங்கள் வார்டில் ராத்திரி குழந்தைகளை எங்கே தூங்க வைக்கிறீர்கள், அம்மா?