மெத் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்தால் வழக்கு வருமா?

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸ் ஆயிடுமோ?" பிள்ளையின் பையில் சின்னக் கண்ணாடிக் குழாயையும் உப்புக்கல் போன்ற பொடியையும் பார்த்துவிட்ட பெற்றோருக்கு முதலில் வருவது இந்தப் பயம்தான். பயந்து மூடி மறைப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடுகின்றன. சிகிச்சைக்குப் போவதால் வழக்கு வராது. வழக்கு வந்த பிறகு சிகிச்சைக்குப் போனாலும், பொருளின் அளவு சிறிதாக இருந்தால் தப்புவதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் மெத், ஐஸ், கிரிஸ்டல் என்று கைமாறும் மெத்தம்பெட்டமைனுக்கும் 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் பொருந்தும். அதில் தண்டனையைத் தீர்மானிப்பது எடை. மெத்துக்கு 2 கிராமுக்குக் குறைவு என்றால் சிறு அளவு, 50 கிராமுக்கு மேல் வணிக அளவு. சிறு அளவு வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2 கிராமைத் தொட்டு, ஆனால் வணிக அளவைத் தொடாமல் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பதும் மிகக் கடினம். விற்பனை செய்பவர்களை மாநிலத்தின் 1982-ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கவும் முடியும்.

எடை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. பொடியில் பாதிக்கு மேல் வேறு ஏதாவது கலந்திருந்தாலும், கலவையின் மொத்த எடைதான் கணக்கு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. "அதுல அசல் சரக்கு அரை கிராம்கூட இருக்காது" என்ற வாதம் எடுபடாது. நாலு பேர் பணம் போட்டு, ஒருவர் வாங்கி வந்து பிரித்துக் கொடுத்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் பிறருக்குப் பொருள் கொடுத்தவர்தான். கல்லூரி மாணவர்கள் பலர் சிக்கிக்கொள்வது இப்படித்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி, சிகிச்சையால் வழக்கிலிருந்து தப்பும் வழிக்கு வருவோம். சட்டத்தின் 64-ஏ பிரிவு: போதைக்கு அடிமையான ஒருவர் மீது உட்கொண்டதற்காகவோ, சிறு அளவு தொடர்பாகவோ குற்றச்சாட்டு இருக்கிறது. அவர் தானாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு ரத்தாகலாம். அடிமை நிலை இருக்கிறது என்பதற்கு மருத்துவரின் சான்று முக்கியம். விளையாட்டாக ஒருமுறை இழுத்துப் பார்த்தவருக்கு இந்தப் பிரிவு கைகொடுப்பது கடினம். 2 கிராமோ அதற்கு மேலோ உள்ள வழக்குக்கும் இது உதவாது.

தண்டனை உறுதியான பிறகும் 39-ஆம் பிரிவு இருக்கிறது. இதே சிறு குற்றங்களில் சிறைக்கு அனுப்பாமல், அவருடைய சம்மதத்தோடு, பிணைப்பத்திரம் பெற்றுக்கொண்டு சிகிச்சைக்கு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதை வழக்கறிஞர்தான் கேட்க வேண்டும். கேட்காமல் கிடைப்பது அரிது. காவலில் இருப்பவருக்கும், வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். அதற்கான எண் 15100.

கைதானவர்களின் வீட்டார் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உடலைச் சோதனையிடும் முன், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை உண்டு என்று சோதனையிடும் அதிகாரி அவரிடம் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன தோஃபான் சிங் வழக்கில், விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சிகிச்சை எங்கே? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் உண்டு. அரசு 2025-இல் தொடங்கிய 'கலங்கரை' மையங்கள் இதற்கென்றே இருப்பவை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446-ஐ அழைத்துக் கேளுங்கள். அது போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தேசிய எண். தமிழ்நாட்டின் 10581 வேறு. அது விற்பவர்களைப் பற்றித் தகவல் சொல்வதற்கு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கியது. நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்க அது மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

அதே சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதையும் தடை செய்கிறது. ராத்திரியில் வேனில் வந்து பையனைத் தூக்கிப்போய், அடித்துத் 'திருத்தி' அனுப்பும் இடங்களிடம் தயவுசெய்து ஒப்படைக்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் இருந்த நாட்களுக்கு 64-ஏ பாதுகாப்பும் கிடைக்காது. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹெராயினுக்குப் பதில் மருந்து கொடுப்பதுபோல் மெத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இன்னும் இல்லை. தொடர் ஆலோசனை, நடத்தை மாற்றச் சிகிச்சை, குடும்பத்தின் உடனிருப்பு ஆகியவைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. நிறுத்திய முதல் சில நாட்கள் ஓயாத தூக்கமும் அகோரப் பசியும் இருக்கும். அதோடு கடும் மனச்சோர்வும் வரும். தற்கொலை எண்ணம் எழக்கூடிய நாட்கள் அவை, தனியாக விடாதீர்கள். யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் குரல் கேட்கிறது என்று சொன்னால் வாதாடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி, வலிப்பு, கொதிக்கும் உடம்பு என்றால் உடனே 108.

பிள்ளைக்கு 18 வயது ஆகாவிட்டால் விசாரிப்பது சிறார் நீதிக் குழுமம். அந்தப் பிள்ளைக்குப் பொருள் கொடுத்தவருக்கும், கடத்தப் பயன்படுத்தியவருக்கும் சிறார் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் கொடுக்கும்போது 77, 78 ஆகிய இந்த இரண்டு பிரிவுகளையும் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள்.