மின்சாரத்தை நிறுத்திய பிறகும் காற்றாலைக்குள் மின்சாரம் எப்படி?

நம் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாசகர் ஒருவர் கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். வேலை தொடங்குமுன் கோபுரத்தின் அடியில் இருக்கும் பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போடுகிறார்கள். கெப்பாசிட்டர் பெட்டிக்குத் தனியாக ஒரு பூட்டுப் போடுகிறார்கள். மேலே ஏறியதும் இறக்கைகளைத் தாங்கும் தண்டையும் முளை செருகிப் பூட்டுகிறார்கள். "மின்வாரியத்திலிருந்து வரும் கரண்டைத்தான் நிறுத்திவிட்டோமே சார், பிறகு எதற்கு மூன்று பூட்டு? மூத்தவர்களிடம் கேட்டால் அதுதான் விதி என்கிறார்கள்" என்பது அவருடைய கேள்வி. விதி சரியானதே. ஆனால் காரணம் தெரியாமல் கடைப்பிடிக்கப்படும் விதியை, மழையும் இருட்டும் சேர்ந்து வரும் மாலையில் எவரும் எளிதில் விட்டுவிடுவார்கள். ஆகவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

ஆற்றல் அழிவதில்லை, வடிவம் மட்டுமே மாறுகிறது என்று பள்ளியில் படித்தோம். பராமரிப்பு வேலையில் இதற்கு நேரடியான பொருள் உண்டு: இயந்திரம் நின்றுவிட்டது என்பது ஒரு செய்தி, அதற்குள் ஆற்றல் இல்லை என்பது முற்றிலும் வேறொரு செய்தி. தேங்காய் நாரான தும்பை அழுத்திக் கட்டாக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸின் மோட்டாரை அணைத்த பிறகும், உயர்ந்து நிற்கும் கனத்த இரும்புப் பலகையை எண்ணெயின் அழுத்தம் தாங்கிக்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் குழாய் இணைப்பைத் தளர்த்துபவரின் கைமேல் பலகை இறங்கிவிடும். குளச்சல் பகுதியின் ஐஸ் பிளாண்டுகளில் கம்ப்ரஸர் நின்ற பிறகும் குழாய்களில் அமோனியா அழுத்தத்தோடு இருக்கும். கோதையாறு நீர்மின் நிலையத்தில் சுழலி ஓய்ந்திருக்கும்போதும் மலையிலிருந்து இறங்கும் குழாயின் நீர் முழுவதும் வால்வின்மேல் சாய்ந்து நிற்கும். குலசேகரம் பக்கம் ஷீட் அடிக்கும் ரப்பர் ரோலரில் இத்தகைய சேமிப்பு எதுவும் இல்லை என்றாலும், பல்சக்கரத்துக்குள் ஒருவர் கைவிட்டிருப்பதை அறியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டால் போதும்.

கடைசியாகச் சொன்ன அபாயத்துக்குத்தான் பூட்டு. மின்வாரிய ஊழியர்கள் சிலரிடம் ஒரு வழக்கத்தைப் பார்க்கலாம்: பியூஸ் கட்டையைப் பிடுங்கியதும் அதை அங்கேயே வைத்துவிடாமல் தம்மோடு எடுத்துக்கொண்டே கம்பம் ஏறுவார்கள். கீழே இருக்கும் எவரும் நல்லெண்ணத்தோடுகூட மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. பூட்டு முறையின் தத்துவம் இதில் அப்படியே அடங்கியிருக்கிறது. ஆபத்துக்குள் கைவைப்பவர் எவரோ, சாவி அவரிடமே இருக்க வேண்டும். ஐந்து பேர் வேலை செய்தால், பல துளைகள் கொண்ட இடுக்கி ஒன்றைச் சுவிட்சில் மாட்டி, ஐவரும் தத்தம் பூட்டை அதில் போடுவார்கள். ஐந்தாவது பூட்டும் கழன்றால்தான் சுவிட்ச் அசையும். 'ஆள் வேலை செய்கிறார்' என்று தொங்கும் அட்டை யார், எதற்காக நிறுத்தினார் என்பதைச் சொல்லும்; ஆனால் அட்டை கையைத் தடுக்காது, பூட்டுத்தான் தடுக்கும். அமெரிக்காவில் இதற்கான தனி விதி 1989இல் வெளியாகி 1990 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1976இலேயே ஒரு திருத்தம் சேர்ந்தது: தவறுதலாக நகர்ந்து இயங்குநிலைக்குப் போய்விடக்கூடிய மின்துண்டிப்புக் கருவிக்குப் பூட்டும் வசதி இருக்க வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு சொன்னது.

இனிக் காற்றாலைக்கு வருவோம். கெப்பாசிட்டர் பெட்டிக்குப் போடும் இரண்டாவது பூட்டின் காரணம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

முப்பந்தல் பகுதியில் 1990களில் நிறுவப்பட்ட 200, 250 கிலோவாட் அளவிலான இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது தூண்டல் மின்னாக்கி (இண்டக்ஷன் ஜெனரேட்டர்). கிணற்று மோட்டாரின் அதே குடும்பம்தான் இது. இறக்கைகள் நிமிடத்துக்கு 40 சுற்று அளவில் சுழல, பற்சக்கரப் பெட்டி அந்த வேகத்தைப் பெருக்கி, நான்கு முனை மின்னாக்கியானால் 1500 சுற்றுக்குச் சற்று மேலே கொண்டுபோகும். மின்னாக்கியின் சுழலும் பகுதியில் நிலைக்காந்தம் கிடையாது; காந்தமாக்குவதற்கென்று தனியாக மின்சாரம் ஊட்டும் ஏற்பாடும் கிடையாது. தனக்கு வேண்டிய காந்தப்புலத்தை உண்டாக்கும் மின்னோட்டத்தை அது மின்வாரியக் கம்பியிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. மின்சாரம் தயாரிக்கும் இயந்திரம் தயாரிப்பைத் தொடங்குவதற்கே வெளி மின்சாரத்தை எதிர்பார்த்து நிற்கிறது என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் உண்மை. இந்தக் காந்தமாக்கும் மின்னோட்டம் பயனுள்ள வேலை எதையும் செய்யாமல் கம்பியில் போய்த் திரும்பிக்கொண்டிருப்பதால் மின்வாரியத்தின் கம்பி வலையமைப்பான மின்தொடருக்குச் சுமை. அந்தச் சுமையைக் குறைக்கவே கோபுரத்தின் அடியில் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் மின்வாரிய இணைப்பைத் துண்டித்ததும் மின்னாக்கி வெறும் சுழலும் இரும்பாகிவிட வேண்டும் அல்லவா? வாசகரின் கேள்வியின் அடியில் இருப்பதும் இந்த எண்ணமே. ஆனால் ஒருமுறை காந்தமேறிய இரும்பு அந்தக் காந்தத்தை முழுமையாக விட்டுவிடுவதில்லை. சிறு எச்சம் தங்கிவிடுகிறது. இறக்கை சுழன்றுகொண்டிருந்தால் அந்த எச்சக் காந்தம் சுருள்களில் சில வோல்ட் மின்னழுத்தத்தைத் தூண்டும். மின்தேக்கி இணைப்பில் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். இருந்தால், அந்தச் சில வோல்ட் மின்தேக்கி வழியாகச் சிறிய மாறுமின்னோட்டத்தை ஓட்டும்.

இந்த இடத்தில் ஓர் அழகான பொருத்தம் அமைந்திருக்கிறது. மின்தேக்கியில் ஓடும் மாறுமின்னோட்டம் மின்னழுத்தத்துக்குக் கால் சுற்று முந்தி நிற்கும். சுருளைக் காந்தமாக்கும் மின்னோட்டமோ கால் சுற்று பிந்தி நிற்கும். இரண்டும் நேர் எதிராக இருப்பதால், சுருளுக்கு மின்னோட்டம் தேவைப்படும் கணத்திலேயே மின்தேக்கி அதை வெளியிடுகிறது; மின்தேக்கி ஏற்றுக்கொள்ள வேண்டிய கணத்தில் சுருள் அதைத் திருப்பித் தருகிறது. மின்வாரியம் செய்துகொண்டிருந்த வேலையை மின்தேக்கி ஏற்றுக்கொண்டுவிட்டது. சுருளுக்கு வந்த மின்னோட்டம் எச்சக் காந்தத்தோடு சேர்ந்து காந்தப்புலத்தைச் சற்றுக் கூட்டுகிறது. கூடிய புலம் கூடுதல் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. கூடிய மின்னழுத்தம் மின்தேக்கி வழியே கூடுதல் மின்னோட்டத்தை ஓட்டுகிறது. வட்டிக்கு வட்டி ஏறுவதைப் போலச் சில வோல்ட், மிகக் குறுகிய நேரத்தில், சில நூறு வோல்ட்டாக வளர்ந்து நிற்கிறது. இதற்கான ஆற்றலைத் தருவது இறக்கைமேல் வீசும் காற்று. மின்தேக்கி ஆற்றலை உண்டாக்கவில்லை, வழியை மட்டுமே திறந்துவிட்டது.

இந்த வளர்ச்சி எங்கே நிற்கும்? இரும்பு ஏற்கும் காந்தத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்க நெருங்க, மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் காந்தப்புலம் சிறிதளவே கூடும். மின்தேக்கி தரும் மின்னோட்டமும், அதே மின்னழுத்தத்துக்குச் சுருள் கேட்கும் மின்னோட்டமும் சமமாகும் புள்ளியில் மின்னழுத்தம் நிலைத்துவிடுகிறது. மின்தேக்கி மிகச் சிறியதாக இருந்தாலோ சுழற்சி மெதுவாக இருந்தாலோ இந்த வளர்ச்சி தொடங்காமலே போகலாம். பெரியதாக இருந்தால் நிலைக்கும் புள்ளி மேலே நகரும். அதோடு, மின்தொடரிலிருந்து விடுபட்ட காற்றாலையைப் பிடித்து நிறுத்தச் சுமை இல்லாததால் வேகம் கூட முற்படும். வேகம் கூடினால் அதிர்வெண் கூடும், மின்தேக்கி இன்னும் அதிகமாக மின்னோட்டத்தை விடும், மின்னழுத்தம் இயல்பு அளவையும் தாண்டிவிடும். மின்தொடர் துண்டிக்கப்பட்டவுடன் மின்தேக்கிகளும் உடனே விலகிவிடும்படி வடிவமைப்பதன் காரணம் இதுவே. பாசெட், பாட்டர் என்னும் இருவர் 1935இலேயே இந்த நிகழ்வை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். மின்தொடர் எட்டாத மலையோர ஊர்களில் சிறு ஓடைநீரைக் கொண்டு விளக்கெரிக்கும் அமைப்புகளில் இதே நிகழ்வை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்கு ஒளி தரும் அதே செயல், பிரேக்கரை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையோடு முனையத்தைத் தொடுபவரின் உயிரையும் எடுக்கவல்லது.

காற்றாலை இல்லாத ஆலைகளுக்கும் இது பொருந்தும். கனமான சக்கரத்தைச் சுழற்றும் மோட்டாரின் முனையங்களிலேயே மின்தேக்கியை நேராக இணைத்திருந்தால், சுவிட்சை அணைத்த பிறகு சக்கரத்தின் வேகம் ஓயும்வரை மோட்டார் மின்னாக்கியாக மாறி மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கக்கூடும். அப்படி இணைக்கும் மின்தேக்கியின் மின்னோட்டம், மோட்டார் சுமையின்றி ஓடும்போது எடுக்கும் காந்தமாக்கும் மின்னோட்டத்தில் 90 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று பொறியாளர்கள் வைத்திருக்கும் வரம்புக்கு இதுவே அடிப்படை.

மூன்றாவது பூட்டான முளைக்கும் இப்போது காரணம் விளங்கியிருக்கும்: சுழற்சி இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும், சுழற்சியைத் தருவது காற்று. 27 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 573 சதுர மீட்டர். வேப்பிலையை அசைக்கும் அளவே உள்ள, நொடிக்கு 3 மீட்டர் வேகக் காற்றுகூட அந்தப் பரப்பின் வழியே ஏறத்தாழ 9 கிலோவாட் ஆற்றலைச் சுமந்து செல்கிறது. காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) உயர்வதால், ஆரல்வாய்மொழிக் கணவாயில் நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஆடிக்காற்று வீசும்போது அதே பரப்பில் 340 கிலோவாட்டுக்கு மேல் கடந்து போகும். இதில் ஒரு பகுதியைத்தான் இறக்கை எடுக்க முடியும் என்றாலும், ஒரு மனிதரின் கையை நசுக்க அதில் மிகச் சிறிய பங்கே போதுமானது. பிரேக் இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தால் பிடிக்கும் பிரேக், எண்ணெய் கசிந்தால் பிடியை விடும். பிரேக் வேகத் தண்டில் இருந்தால், இறக்கைக்கும் பிரேக்குக்கும் நடுவே பற்சக்கரப் பெட்டி முழுவதும் இருக்கிறது. முளையோ இறக்கைத் தண்டையே நேராகப் பிடித்து நிறுத்துகிறது. அந்த முளைக்கும் தாங்குதிறன் உண்டு என்பதால், தயாரிப்பாளர் வகுத்த காற்று வேக வரம்புக்கு மேல் காற்று வீசும்போது எவரும் உள்ளே இறங்கக் கூடாது.

பூட்டுகளுக்குப் பிறகு சோதனை. இதைத் தவிர்த்துவிட்டால் முன்பு செய்த எதற்கும் உறுதி இல்லை. 415 வோல்ட் இணைப்பில் இருந்த மின்தேக்கி, துண்டிக்கப்பட்ட கணத்தைப் பொறுத்து 587 வோல்ட் வரை மின்னேற்றத்தோடு நிற்கலாம். அதை மெல்ல வடித்துவிடத் தடையங்கள் (ரெசிஸ்டர்) பொருத்தப்பட்டிருக்கும். குறைந்த மின்னழுத்த மின்தேக்கிகள் 3 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்று மின்கருவிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.இ.சி. கூறுகிறது. தடையம் தீய்ந்து போயிருந்தால் மின்னேற்றம் நெடுநேரம் தங்கும், வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது. பலரும் இந்த இடத்தில் சட்டைப்பையிலிருக்கும் டெஸ்டரை நம்புகிறார்கள். டெஸ்டரின் நியான் குமிழ் ஒளிர, தொட்ட முனையத்திலிருந்து நம் உடல் வழியே தரைக்கு மின்னோட்டம் போக வேண்டும். துண்டிக்கப்பட்ட மின்தேக்கியின் மின்னேற்றமோ அதன் இரு முனையங்களுக்கு இடையே மட்டும் நிற்கிறது, தரையோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகையால் ஒரு முனையத்தை டெஸ்டரால் தொட்டால் குமிழ் எரியாது. இரண்டையும் கையால் தொட்டால் 587 வோல்ட் வரையிலான மின்னழுத்தம் உடல் வழியே மின்னோட்டத்தைப் பாய்ச்சும். நேர்மின்னழுத்தத்தைக் காட்டவல்ல மீட்டரைக் கொண்டு முனையங்களுக்கு இடையே அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் மின்சாரம் இருக்கும் ஓரிடத்தில் மீட்டரைச் சோதித்து, அளந்து முடித்ததும் மீண்டும் அதே இடத்தில் சோதித்தால்தான், பூஜ்யம் காட்டியது மின்தேக்கியா பழுதான மீட்டரா என்பது தெளிவாகும். பிறகு தடையம் கொண்ட கோலால் மின்னிறக்கி, முனையங்களை எர்த்தோடு இணைத்து, அந்த இணைப்பை வேலை முடியும்வரை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

இந்த விளக்கத்தோடு ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். ஆயுத பூஜையன்று இயந்திரத்தை நிறுத்தித் துடைத்துச் சந்தனம் இடும் மரபை நான் மதிக்கிறேன். ஆனால் விபத்து நடந்ததும் 'அவனுக்கு நேரம் சரியில்லை' என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்துவிட்டு அடுத்த நாள் அதே சுவிட்சில் அதே முறையில் வேலையைத் தொடங்குவதை ஏற்க முடியவில்லை. எந்த ஆற்றல், எங்கே தங்கியிருந்தது, ஏன் சோதிக்கப்படவில்லை என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை காணாத வரை அந்த இயந்திரத்தைத் தொடக் கூடாது. ஆய்வுக்கான பணமும் இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது என் கருத்து. காற்றாலைகளுக்கென்று சென்னையில் தேசிய நிறுவனமும், நமக்கு அருகே கயத்தாற்றில் அதன் சோதனை நிலையமும் இருக்கின்றன. நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. பூட்டுத் துளையே இல்லாத பழைய மெயின் சுவிட்சுக்குக் குறைந்த விலையில் பூட்டு மூடி செய்வதும், தும்பு ஆலையின் பழைய பிரஸ்ஸுக்கு இயல்பாகவே பலகையைத் தாங்கும் கட்டை வடிவமைப்பதும் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தகுந்த வேலைகள். அவற்றுக்குச் சிறு நிதி ஒதுக்கினாலும் பலன் நேரடியாகத் தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேரும்.

வாசகர் துணைக்கேள்வி ஒன்றும் கேட்டிருந்தார்: பூட்டுப் போட்டவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த ஷிப்டு என்ன செய்வது? பூட்டை அறுப்பதற்கு எவருக்கும் பொதுவான உரிமை இல்லை. பொறுப்பாளர் முதலில் அவர் உண்மையிலேயே வளாகத்தில் இல்லை என்பதை நேரில் தேடி உறுதி செய்ய வேண்டும். பிறகு தொலைபேசியில் அவரைப் பிடித்துத் தெரிவிக்க முயல வேண்டும். இயந்திரத்துக்குள் வேறு ஆளோ கருவியோ இல்லை என்று பார்த்த பிறகே பூட்டை எடுக்க வேண்டும். எடுத்துவிட்ட செய்தியை, மறுநாள் அவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஏனெனில் தன் பூட்டு இன்னும் அங்கே இருப்பதாக எண்ணிக்கொண்டு அவர் நேராகப் போய் இயந்திரத்துக்குள் கைவிடக்கூடும்.