தண்ணீர் தெரிகிற இடத்தில் கடப்பாரையைப் போடாதீர்கள்

தெருவில் தண்ணீர் கசிகிறது என்று புகார் வந்து, குழாய் பழுது பார்க்கும் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தெருக்காரர்களே ஜேசிபியை வரவழைத்துத் தோண்டியிருந்தார்கள். இடுப்பளவு பள்ளம். உள்ளே மெயின் குழாய்க்கு (தெருவுக்கே தண்ணீர் கொண்டுவரும் பெரிய குழாய்) ஒன்றும் ஆகவில்லை, இரண்டு வீட்டு இணைப்புகள்தான் அறுந்து கிடந்தன. கசிவு இருந்தது மேட்டுப் பக்கம், நாலைந்து வீடு தள்ளி, ஒரு ஜாயின்ட்டில். இது முதல் தடவையாக இருந்தால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"தண்ணி இங்கதானே சார் வருது, இங்கயே தோண்டுங்க." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சரி, ஒரு தடவை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். குழாய் பதிக்கும்போது அதைச் சுற்றி மணல் போடுவோம். அக்கம்பக்கத்து இறுகிய மண்ணைவிட அந்த மணலில் தண்ணீருக்கு வழி எளிது. அதனால் கசிந்த தண்ணீர் நேராக மேலே ஏறாமல், மணலைப் பிடித்துக்கொண்டு தாழ்வான பக்கம் நகரும். நடுவில் கேபிள் போட்ட பள்ளம் குறுக்கிட்டால் அதற்குள் திரும்பிவிடும். மேலே தார் கெட்டியாக இருந்தால் அதன் அடியிலேயே ஓடி, எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும். சில சமயம் மேலே வரவே வராது, சாக்கடைக்குள் இறங்கிவிடும். (அதிகாலையில் மேன்ஹோலில் தெளிந்த தண்ணீர் ஓடினால் எங்களுக்கு உடனே சந்தேகம் தட்டும்.) ஆக, உங்கள் கண்ணில் படுவது தண்ணீர் வெளியேறும் வாசல். அது கிளம்பிய இடம் வேறெங்கோ இருக்கும்.

அது மெயின் தண்ணீர்தானா என்பதே முதல் கேள்வி. ஊற்றாக இருக்கலாம், யார் வீட்டுத் தொட்டியோ வழியலாம். புதிதாகச் சுரக்கும் இடத்தில் கொஞ்சம் பிடித்துக் குளோரின் சோதனை மாத்திரையைப் போடுவோம். இளஞ்சிவப்பாக மாறினால் பெரும்பாலும் மெயின்தான். மாறாவிட்டால் மெயின் இல்லை என்று கையை உதறிவிடவும் முடியாது. மண்ணில் நெடுந்தூரம் ஓடி வரும் தண்ணீரில் குளோரின் தீர்ந்திருக்கும்.

நாள் முழுக்கத் தண்ணீர் இருக்கும் லைன் என்றால், வீடுகளில் தண்ணீர்ப் புழக்கம் குறைந்திருக்கும் இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் வேலை பார்ப்போம். வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே மீட்டரைப் பார்க்க, எதை அடைத்ததும் ஓட்டம் சட்டென்று விழுகிறதோ அந்தத் துண்டில்தான் சங்கதி. அப்புறம் கேட்கும் கம்பி. ஒரு முனை வால்வின் தலையில், மறுமுனை காதில். இரும்புக் குழாயில் கசிவு தெளிவாகச் சீறும். பிவிசி குழாயில் சத்தம் சில மீட்டருக்குள் அமுங்கிவிடும், அங்கே தரை மைக்கை வைத்து அடியடியாக நகர வேண்டும். "நடுராத்திரியில ரோட்டுல என்ன சார் பண்றீங்க" என்று விசாரிப்பவர்கள், தயவுசெய்து வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து விசாரியுங்கள்.

இடம் உறுதியானபின் தோண்டும்போது அடுத்த சண்டை வரும்: "வால்வை முழுசா மூடலையா? தண்ணி வீணாகுதே!" வேண்டுமென்றேதான் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம். உடைப்பு கண்ணுக்குத் தெரிந்து, பள்ளத்துத் தண்ணீர் குழாய்க்குக் கீழே இறங்கும் அளவுக்கு இறைத்து முடிக்கும்வரை உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருந்தாக வேண்டும். முன்னாலேயே அடைத்துவிட்டால் அந்தச் சேற்று நீர் உடைப்பு வழியாகக் குழாய்க்குள் போய்விடும். அப்புறம்தான் முழுதாக அடைப்பது, குழாயைத் துடைத்துக் குளோரின் கரைசல் பூசுவது, உடைப்பைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப் மாட்டுவது. விரிசல் நீளமாக இருந்தால் அந்தத் துண்டையே வெட்டி மாற்றுவோம். வால்வை மெதுவாகத்தான் திறப்போம், அவசரப்படுத்தாதீர்கள். வேகமாகத் திறந்தால் தண்ணீர் அடிக்கிற அடியில் அடுத்த பலவீனமான ஜாயின்ட் போய்விடும்.

மெயின் இணைப்பில் நேரடியாக மோட்டார் மாட்டாதீர்கள். எத்தனை தடவை சொல்வது! அழுத்தம் இறங்கும் நேரத்தில் உங்கள் மோட்டார் கசிவுத் துளை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும். அதைக் குடிப்பது உங்கள் வீடு மட்டுமல்ல, பக்கத்து வீடும்தான். வால்வு மூடிமேல் கான்கிரீட் போடாதீர்கள். உடைப்பு நேரத்தில் மூடியைத் தேடுவதிலேயே பொழுது போகிறது. சாலை ஈரமாகி அமுங்கினால் அங்கே வண்டி நிறுத்தாதீர்கள், அடி மண் அரித்திருக்கும். பழுது பார்த்தபின் முதலில் வரும் கலங்கல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல், தெளியும்வரை வெளியே விடுங்கள்.

சின்னக் கசிவுதானே என்று மாதக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். 3 பார் அழுத்தத்தில் 5 மி.மீ. துளை ஒன்று நாளொன்றுக்கு 20,000 லிட்டருக்கு மேல் கக்கும். புகார் சொல்லும்போது எப்போது முதல் ஈரம், தெளிந்த நீரா கலங்கலா என்று சொல்லுங்கள். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் தெரு என்றால் இன்னொன்றும் பார்த்து வையுங்கள்: சப்ளை நின்றபின் கசிவும் நிற்கிறதா? அது தெரிந்தாலே எங்களுக்குப் பாதி வேலை குறையும்.