முதியோர் இல்லத்தில் அம்மாவைக் கவனிக்காமல் விட்டால்: எங்கே போகலாம், எங்கே அலையக் கூடாது

பணம் கட்டிச் சேர்த்த இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப்புண் வந்து அழுகியிருப்பதைப் பார்த்ததும், பல குடும்பங்கள் முதலில் ஓடுவது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்துக்குத்தான். மூத்த குடிமக்களுக்கு 2007-இலேயே சட்டம் வந்துவிட்டது, அங்கே தீர்ப்பாயம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு, சில வாரம் கழித்து "இது எங்களுக்கு வராது" என்று திருப்பித் தருவார்கள். அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகளிடமிருந்தும் வாரிசு உறவினரிடமிருந்தும் பராமரிப்புத் தொகை வாங்கித் தருவதற்கானது. அதுவும் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. கவனிக்காத இல்லத்தை நஷ்டஈடு கட்டச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை. இதை மனு வாங்கும்போதே சொல்லிவிடலாம். யாரும் சொல்வதில்லை.

எந்தப் புகாருக்கும் முன்னால், அம்மாவை வைத்துக்கொள்ள வேறு இடம் தயார் செய்யுங்கள். புகார் போனது தெரிந்ததும் "இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்" என்பார்கள். அல்லது அவர் அங்கேயே மாட்டிக்கொண்டு, உங்கள் கோபத்துக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பல முதியவர்கள் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம்.

வெளியே கொண்டுவந்ததும் நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். புண், வீக்கம், காயம், உடல் வற்றிய நிலை எது இருந்தாலும் அரசு மருத்துவமனைக்குப் போய், விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, அந்தப் பதிவின் நகல் (ஏ.ஆர். காப்பி) வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வெறும் ஓ.பி. சீட்டோடு அனுப்பிவிடுவார்கள். புண் எத்தனை ஆழம், எந்த நிலையில் வந்தார், எடை எவ்வளவு, எந்த இல்லத்திலிருந்து வந்தார் என்பதெல்லாம் டாக்டர் கையெழுத்தில் இருக்க வேண்டும். குளிப்பாட்டி, புண்ணைக் கட்டி, இரண்டு நாள் கழித்துப் போனால் "வீட்டில்தான் இப்படி ஆனது" என்று இல்லம் சொல்லும்.

பணம் கட்டிச் சேர்த்தவர்களுக்கு உருப்படியான வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இல்லத்துக்குக் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய்வரை இருந்தால் அங்கேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். இல்லம் கோவையில் இருந்து நீங்கள் சென்னையில் இருந்தால் சென்னையிலேயே வழக்குப் போடலாம். "அந்த ஊருக்குப் போங்கள்" என்று யாராவது சொன்னால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவைக் காட்டுங்கள். பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பணம் கட்டிய பிள்ளையும் போடலாம், அங்கே இருந்தவரும் போடலாம், அவர் இறந்துவிட்டால் வாரிசு போடலாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. அறக்கட்டளை பெயரில் நடக்கும் பல இல்லங்கள் மாதக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு "நன்கொடை" என்று ரசீது எழுதுகின்றன. இலவசச் சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது. வழக்கு வந்தால் "நாங்கள் சேவைக்காகப் பணம் வாங்கவில்லை, அவர்கள் விருப்பப்பட்டுத் தந்தது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். எனவே ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, ஒவ்வொரு மாதமும் குறிப்பில் "மாதக் கட்டணம்" என்று எழுதுங்கள். "இந்த மாதக் கட்டணம் அனுப்பிவிட்டேன்" என்று வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போடுங்கள். அவர்கள் "வந்தது" என்று பதில் போட்டால் அதுவே சாட்சி.

சேர்க்கும்போது "என்ன நடந்தாலும் இல்லம் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் பயப்படாதீர்கள். வழக்குப் போடும் உரிமையை ஒரு தாளில் எழுதி வாங்கிவிட முடியாது.

அப்புறம் போலீஸ். "இது சிவில் மேட்டர்" என்பதுதான் முதல் பதிலாக வரும். ஒப்பந்தப்படி கவனிக்க வேண்டியவர் வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டது பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 357-ஆவது பிரிவில் குற்றம். ஆனால் அதன் தண்டனை 3 மாதம்வரைதான். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் அதை விசாரிக்கவும் முடியாது. அந்த ஒரு பிரிவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்பட்டால் அதே சட்டத்தின் 125-ஆவது பிரிவில் 3 ஆண்டுவரை சிறை உண்டு. 15 நாள் கடுமையான வலியில் துடிக்க வைத்த காயமும் கொடுங்காயம்தான். ஏ.ஆர். காப்பி முக்கியம் என்று சொன்னது இதற்காகவும்தான். புகாரை வாங்கிக்கொண்டு சும்மா அனுப்பினால், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்கும், மாநகரம் என்றால் கமிஷனருக்கும், பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

பார்க்கவே விடாமல் "வேறு கிளைக்கு மாற்றிவிட்டோம்" என்று சொன்னால், தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு (ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு) போடுங்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் நடந்த கொடுமைகள் வெளியே வந்ததற்கு, அங்கே சேர்த்த ஒரு முதியவரைக் காணவில்லை என்று அவர் தரப்பினர் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுதான் காரணம். 

உள்ளே இன்னும் பலர் அப்படிக் கிடக்கிறார்கள் என்றால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அவர் கலெக்டரைக் கைகாட்டுவார், கலெக்டர் அலுவலகம் திரும்ப அவரையே கைகாட்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து எண் வாங்கிக்கொண்டால் இந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும். 14567 முதியோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். பெண்களுக்கு, பட்டியல் இனத்தவருக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு.

"நீங்கள்தான் அம்மாவைக் கைவிட்டீர்கள், உங்கள் மேலேயே கேஸ் வரும்" என்று மிரட்டுவதும் வழக்கம். அடியோடு கைவிடும் எண்ணத்தில் எங்கேயோ விட்டுப் போனவரைத்தான் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 24-ஆவது பிரிவு தண்டிக்கிறது. மாதம் தவறாமல் பணம் அனுப்பி, போகும்போதெல்லாம் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவரை அது தொடாது. அந்தக் கையெழுத்தைப் போட மறக்காதீர்கள், பக்கத்தைப் போட்டோவும் எடுங்கள்.

இறப்பில் சந்தேகம் இருந்தால் தகனத்துக்கு அவசரப்படாதீர்கள். இல்லத்து ஆட்களே வண்டி, ஐயர், மயானம் எல்லாம் ஏற்பாடு செய்து தருவார்கள். அந்த நேரத்தில் அது உதவியாகத்தான் தெரியும். 100-க்கு அழைத்து, பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "வயதாகிவிட்டது" என்று காரணம் எழுதி எரித்த பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது.

கடைசியில் முன்பணத்தைத் திருப்பித் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை" என்ற வரி அதில் எங்காவது இருக்கும். "பணம் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் முன்பணத்தையும் நுகர்வோர் வழக்கிலேயே சேர்த்துக் கேளுங்கள்.