பித்தப்பை லேப்ராஸ்கோப்பி: காயம் சிறிது, ஆபரேஷன் சிறிதல்ல

பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி என்றதும், "நாலு சின்ன ஓட்டைதானே, மறுநாளே வீட்டுக்குப் போய்விடலாம்" என்கிறார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் சிறியதாக இருப்பது வயிற்றுச் சுவரில் போடும் காயம் மட்டும்தான். உள்ளே எடுப்பது அதே பித்தப்பை. அருகில் இருப்பவையும் அதே குழாய்கள், அதே ரத்தக் குழாய்கள்.

முதலில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறோம். அழுத்தம் பொதுவாக 12 முதல் 15 மி.மீ. பாதரச அளவைத் தாண்டக்கூடாது. இந்த வாயு தீப்பிடிக்காது. ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். தொப்புள் அருகே 10 மி.மீ. துளையில் கேமரா, மேல்வயிற்றில் ஒரு துளை, வலது விலாவுக்குக் கீழே 5 மி.மீ. துளைகள் இரண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கலாம். எஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளின் உணர்வு நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் சேர்வதால் வலி தோளில் தெரிகிறது. தோளில் கோளாறு எதுவும் இல்லை.

பயப்பட வேண்டிய இடம் பித்தப்பையின் கழுத்து. அங்கிருந்து கிளம்பும் சிறு குழாயைத்தான் கிளிப் போட்டு வெட்ட வேண்டும். அது போய்ச் சேர்வது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பொதுப் பித்தக் குழாயில். அழற்சியால் எல்லாம் வீங்கி ஒட்டிக் கிடக்கும்போது, பித்தப்பையைத் தவறான திசையில் இழுத்தால் இரண்டும் ஒரே கோட்டில் வந்துவிடும். பெரிய குழாயே சிறு குழாய் போலத் தெரியும். அதை வெட்டிவிட்டால் பித்தக் கசிவு, மஞ்சள் காமாலை, பிறகு குடலை மேலே கொண்டுவந்து இணைக்கும் பெரிய ஆபரேஷன் வரை போகும்.

இதைத் தடுக்கத்தான் 1995-இல் ஸ்ட்ராஸ்பர்க் என்ற அறுவை சிகிச்சை நிபுணரின் குழுவினர் 'கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி' என்ற நெறியை முன்வைத்தார்கள். கழுத்துப் பகுதியின் கொழுப்பும் நாரும் முழுவதும் விலக்கப்பட வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பித்தப்பைக்குள் போவது அந்தச் சிறு குழாய், ஒரு ரத்தக் குழாய் என இரண்டே இரண்டு அமைப்புகள் என்று கண்ணால் உறுதியாக வேண்டும். மூன்றும் தெரியும் வரை கத்தரியை எடுக்கக்கூடாது.

தெரியவே இல்லை என்றால் கழுத்தைத் தொடாமல் பித்தப்பையின் ஒரு பகுதியை விட்டுவைக்கலாம், அல்லது வயிற்றைத் திறக்கலாம். "லேப்ராஸ்கோப்பி தோற்றுப்போச்சா?" என்று வெளியே காத்திருக்கும் குடும்பம் கலங்குகிறது. நோயாளியைக் காப்பாற்ற எடுத்த முடிவு அது. இந்த வாய்ப்பைப் பற்றிச் சம்மதக் கையெழுத்துக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போனபின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினால், காய்ச்சல், வயிறு உப்பல், நிற்காத வாந்தி, கண்ணில் மஞ்சள் எது வந்தாலும் வலி மாத்திரை போட்டுப் படுக்காமல் அன்றே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவைப்படும். எடுத்த பித்தப்பையின் பயாப்சி ரிப்போர்ட்டை மறக்காமல் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள். எதிர்பாராத புற்றுநோய் அரிதாக அதில்தான் தெரியவரும்.