மேட்டு வீட்டு முற்றமும் ஆற்றங்கரைக் குடிசையும்

ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். மழைநீர் வடிகால் வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரின் சில பகுதிகளில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. கூரையும் சிமெண்ட் போட்ட முற்றமும் சேர்ந்து 200 சதுர மீட்டர் என்றால், அந்த ஒரு வீட்டிலிருந்து மட்டும் 60,000 லிட்டர். தெருவுக்கு 40 வீடு என்று பெருக்கிப் பாருங்கள், 24 லட்சம் லிட்டர் வரும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று நம்மில் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. நம் வாசலைத் தாண்டிவிட்டால் கவலை விட்டது.

நம்மவர்கள் பலர் குடியிருக்கும் ரெசர்வாயர் ஹில்ஸ் மேட்டில் விழும் மழையில் பெரும் பங்கு பால்மியட் ஆற்றுக்குப் போகிறது. அந்த ஆறு அம்கேனி ஆற்றில் கலக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், கரையை ஒட்டி குவாரி ரோடு வெஸ்ட் குடிசைப்பகுதி இருக்கிறது. ஆறு ஏறினால் முதலில் நனைவது அவர்கள். அங்கே குடியிருப்பவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மாநகராட்சியும் சேர்ந்து வாட்ஸ்அப் வழியாக ஒரு வெள்ள எச்சரிக்கை ஏற்பாட்டை முன்பே செய்து வைத்திருந்தார்கள். 2022 வெள்ளத்தில் அதனால் பலர் உயிர் தப்பினார்கள். குடிசைகளைக் காப்பாற்ற முடியவில்லை. குவாசுலு-நட்டால் மாகாணம் முழுவதும் அந்த வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழை வருவதற்கான வாய்ப்பைப் பருவநிலை மாற்றம் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டது என்று உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று கணித்தது.

ஆற்றங்கரை நமக்குப் புதிதல்ல. 1917 அக்டோபரில் அம்கேனி பெருகியபோது தோட்டம் போட்டுப் பிழைத்த நம் ஆட்கள்தான் அடித்துச் செல்லப்பட்டார்கள். மாரிமுத்து படவட்டானும் கூட்டாளிகளும் படகில் போய் 176 பேரைக் கரை சேர்த்த கதையை டர்பன் தமிழர்கள் இன்றும் சொல்வார்கள். 1976-இல் அதே ஆற்றங்கரையில், ஸ்பிரிங்ஃபீல்டின் டின் டவுன் என்ற தகரக் குடிசைப்பகுதி மறுபடியும் மூழ்கியது, அங்கிருந்தவர்கள் ஃபீனிக்ஸ் என்ற புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். இன்று நம்மில் பலர் மேட்டுக்கு வந்துவிட்டோம். கீழே வேறு ஏழைகள் இருக்கிறார்கள். நம் தண்ணீரை அவர்கள் தலையில் இறக்குகிறோம் என்பதை நான் சுற்றி வளைக்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? மரம், புல், ஓடை இவற்றைக் கொண்டே வெள்ளத்தைத் தணிக்கும் இயற்கை சார்ந்த தீர்வு என்றவுடன் மரம் நடு விழா ஞாபகம் வருகிறது. பேனர், தொப்பி, புகைப்படம், டீ. டர்பனில் குளிர்காலம் வறண்ட காலம், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் அந்தக் கன்றுகள் ஆகஸ்டுக்குள் காய்ந்துவிடும். எனக்கு அந்த விழாக்களில் நம்பிக்கை இல்லை. வெரூலம் பக்கத்தில் பஃபல்ஸ்டிராய் குப்பைக்கிடங்கைச் சுற்றி நடந்தது வேறு மாதிரி. 2008-இல், உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் கரியமில வாயு வெளியேற்றத்தை ஈடுகட்டுவதற்காகத் தொடங்கிய வேலை. கரும்பு விளைந்த நிலத்தில் இந்த மண்ணுக்கே உரிய மரங்களை வைத்துக் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சுற்றுவட்டாரத்து மக்கள் வீட்டிலேயே கன்று வளர்த்துக் கொடுத்து, அதற்கு ஈடாக மளிகைச் சாமான், பள்ளிக் கட்டணம் என்று பெற்றுக்கொண்டார்கள். கன்று பிழைத்தால் வீட்டுக்கு அரிசி வரும் என்ற ஏற்பாடு இருந்ததால் வேலை நிலைத்தது. சிலான்சிம்வேலோ என்ற மாநகராட்சித் திட்டமும் இதே வழியில் போகிறது. ஓடையை ஒட்டி வாழ்பவர்களே சிறு கூட்டுறவுகளாகச் சேர்ந்து, சம்பளத்துக்குக் குப்பையும் அயல் செடிகளும் அகற்றி, 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடைகளைப் பராமரிக்கிறார்கள். சாலைக்கு அடியில் ஓடை போகும் கல்வெர்ட் ஒன்று அடைபட்டால் அதற்கு மேலே உள்ள சாலையே போய்விடும், அதைப் பழுதுபார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் சம்பளம் சொற்பம். (பூசை முடிந்து ஆற்றில் விடும் தட்டுகளில் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு விட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் வேலை குறையும்.)

அப்புறம், காலியாக விடவேண்டிய இடத்தைக் காலியாக விடுவது. இதுதான் எல்லாவற்றிலும் மலிவான தீர்வு, ஆனால் யாருக்கும் பிடிக்காத தீர்வு. நகரின் தெற்கே உள்ள இசிபிங்கோவைப் பாருங்கள். சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருந்த வெள்ளச் சமவெளி அது. 1950களில் விமான நிலையத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடம் வேண்டி உம்லாஸ் ஆற்றைக் கான்கிரீட் கால்வாய்க்குள் விட்டு நேராகக் கடலுக்கு அனுப்பினார்கள். நன்னீர் வரத்துக் குறைந்து இசிபிங்கோ கழிமுகம் நலிந்தது. 2022-இல் ஆறு தன் பழைய இடத்துக்கே வந்தது. அந்தச் சமவெளியில் உள்ள பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை மூழ்கி, உற்பத்தி பல மாதங்கள் தடைபட்டது.

இனி நம் முற்றத்துக்கு வருவோம். தரை முழுக்கக் கல் பதித்து பேவிங் போட்டால் வீடு சுத்தமாக இருக்கும், கார் நிறுத்த வசதி, புல் வெட்ட ஆள் தேட வேண்டாம். எல்லாம் சரிதான். சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் கல் பதித்து, நடுவில் புல் விட்டால் கார் மாட்டேன் என்று சொல்லாது. கூரைக்குழாயைத் தெருவுக்கு விடாமல் தாழ்வாக வெட்டிய ஒரு பாத்திக்கு விடுங்கள். கூரைத் தண்ணீரைச் சேமிக்கும் ஜோஜோ டாங்க் நல்லது, ஆனால் அதன் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள்: 150 சதுர மீட்டர் கூரைக்கு 2,500 லிட்டர் டாங்க் சுமார் 17 மில்லிமீட்டர் மழையிலேயே நிறைந்துவிடும். 300 மில்லிமீட்டரை இவை எதுவும் தடுக்காது. ஆண்டில் பலமுறை வரும் சாதாரண மழையைத்தான் இவை மெதுவாக இறக்கும். கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பது அந்த மழைதான், அரித்த கரைதான் பெருமழையில் விழுகிறது. குழாயும் வடிகாலும் எப்போதும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பார்த்துவிட்டு உறிஞ்சுகுழி தோண்டாதீர்கள். டர்பனின் பல சரிவுகளில் இருப்பது பெரியா செம்மணல். காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி நிற்கும், ஈரம் ஊறினால் நொறுங்கி இறங்கும். வெட்டிய சரிவின் விளிம்பிலோ தடுப்புச் சுவருக்குப் பின்னாலோ தண்ணீரை ஊறவிட்டால் கீழ்வீட்டின் மேல் மண்ணைத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். அங்கே மூடிய குழாயில் கீழே கொண்டுபோவதுதான் சரி. சரிவைப் பிடிக்க வெட்டிவேர் வையுங்கள். நம் ஊர் வெட்டிவேரேதான். வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கும், தோட்டத்து வகை விதை போட்டுப் பரவாது. குவாசுலு-நட்டாலில் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் நெருக்கமாக நடவேண்டும், இடைவெளி விட்டால் தண்ணீர் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும்.

சிரிங்கா மரம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மாரியம்மன் பூசைக்குப் பல வீடுகளில் வேப்பிலைக்குப் பதில் ஒடிப்பது அதைத்தான், தமிழ்நாட்டில் மலைவேம்பு என்போம். இங்கே அது சட்டப்படி பட்டியலிட்ட அயல் ஊடுருவல் மரம், ஓடைக்கரைகளில் மண்டி உள்ளூர் மரங்களை விரட்டுகிறது. புதிதாக நடவேண்டாம். ஓடைக்கரையில் முளைத்திருந்தால் தயங்காமல் எடுத்துவிடலாம்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “புல்லையும் புதரையும் வளர விடச் சொல்றீங்க தம்பி, மாம்பா வந்தா நீங்க வந்து பிடிப்பீங்களா?” நியாயமான கேள்வி. நம் பகுதிகளில் பிளாக் மாம்பா என்ற விஷப்பாம்பு பிடிபடுவது செய்தியே இல்லை. வீட்டுச் சுவரை ஒட்டிச் சில மீட்டர் வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், குப்பையையும் சிந்திய தீவனத்தையும் விட்டு வைக்காதீர்கள், எலி வந்தால் பாம்பு வரும். ஓடைக்கரைப் புதரை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். அவர் முழுதாக ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. நகரின் திறந்தவெளி வலையமைப்பான டிமாஸ் (D'MOSS) பல்லாயிரம் ஹெக்டேரை உள்ளடக்கியது. தனியார் மனைகளின் பின்பகுதியும் அதில் வரும். பின்னால் ஓர் அறை கட்டவோ புதரை வழிக்கவோ நினைத்தால், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் உங்கள் மனை அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்று மாநகராட்சியில் பார்த்துவிடுங்கள். இருந்தால் சுற்றுச்சூழல் பிரிவின் அனுமதி தேவை.