வழு: ‘பக்’ என்பதற்கு ஏற்ற சொல்

ஆன்லைன் ரோல்பிளே விளையாட்டில் ஒரு குவெஸ்டை, அதாவது நமக்குக் கொடுத்த பணியை, முடித்துவிட்டு, அதைக் கொடுத்த பாத்திரத்திடமே திரும்பி வந்து நிற்கிறோம். கிளிக் செய்தால் தலையை ஆட்டுகிறது, கையை வீசுகிறது, பேச்சுப் பெட்டி மட்டும் திறப்பதில்லை. சரி, உதவிப் பக்கத்தைத் தமிழில் பார்ப்போம் என்று போனால் மேலே கொட்டை எழுத்தில் ‘பிழைத்திருத்தம்’ என்று இருக்கிறது. அதன் கீழே, ‘உங்கள் பிழைகளைத் திருத்த பின்வரும் படிகளைப் பின்பற்றவும்’. என் பிழையா? நான் எதைத் திருத்துவது? பக் (நிரலில் ஒளிந்திருக்கும் குறை), எரர், கிளிட்ச், டீபக்கிங் (அந்தக் குறையை நீக்குவது), ட்ரபிள்ஷூட்டிங் (எங்கே கோளாறு என்று தேடுவது) எல்லாவற்றுக்கும் இந்த ஒரே ‘பிழை’யைப் போட்டு மெழுகிவிடுகிறார்கள். பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘பக்’கின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில் ரிலே என்ற மின்சுவிட்ச் ஒன்றுக்குள் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. சிக்கியதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையிலேயே ‘பக்’ கிடைத்த முதல் சம்பவம் என்று எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலிருந்துதான் சொல் பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அந்த வரியே ஒரு கிண்டல். சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததால்தானே ‘உண்மையிலேயே’ என்று எழுத முடிந்தது? 1878இலேயே எடிசன் ஒரு கடிதத்தில், புதுக் கருவிகளில் தலைகாட்டும் சின்னக் குறைகளையும் சிக்கல்களையும் ‘பக்’ என்றுதான் சொல்கிறார். அதற்கும் முன்னால் இடைக்கால ஆங்கிலத்தில் இதையொத்த ஒரு சொல் பேய், பூச்சாண்டி என்ற பொருளில் இருந்தது, இதற்கும் அதற்கும் உறவு இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். ஆக, ‘மென்பொருள் பூச்சி’ என்று எழுதுகிறவர்கள் அந்துப்பூச்சிக் கதையை நம்பி ஏமாந்தவர்கள். அந்தச் சொல்லை எதிர்த்து நீளமாக வாதாட வேண்டியதில்லை, விளையாட்டுக்குள் ராட்சதச் சிலந்தியோடு சண்டை போடும்போது ‘இந்தப் பூச்சியில் ஒரு பூச்சி இருக்கிறது’ என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும், போதும்.

பிழை அப்படியல்ல. அது நல்ல சொல், பழைய சொல், எல்லாருக்கும் புரியும் சொல். அதனால்தான் அதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

‘அவண் வந்தான்’ என்று ஒருவர் எழுதினால் அது பிழை. ஓர் எழுத்து தவறு, மாற்றினால் தீர்ந்தது. ‘அவன் வந்தது’ என்று எழுதினால்? இதில் ‘அவன்’ சரியான சொல். ‘வந்தது’வும் சரியான சொல். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளைக் கொண்டு சொல் சொல்லாகத் தேடினால் ஒன்றும் அகப்படாது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கோணல். நம் இலக்கணம் இதற்கு வைத்த பெயர் திணை வழு. நன்னூலில் பவணந்தி முனிவர் ‘திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே’ என்கிறார். ‘மயங்கினாம்’ என்பதைக் கவனியுங்கள். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று கலந்து நிற்பதுதான் வழு. வழுவுதல், வழுக்குதல், வழுவழுப்பு எல்லாம் ஒரே குடும்பம், போகவேண்டிய தடத்திலிருந்து சறுக்குவதுதான் அடிப்பொருள்.

இப்போது விளையாட்டுக்கு வருவோம். நிரலில் அச்சுப்பிழை மாதிரி ஒன்று இருந்தால் பெரும்பாலும் நிரல் ஓடவே ஓடாது, எழுதியவர் மேசையிலேயே மாட்டிக்கொள்ளும். அதைப் பிழை என்று சொல்லுங்கள், எனக்குச் சண்டையே இல்லை. எல்லாச் சோதனையும் தாண்டி ஆடுகிறவர் கைக்கு வந்து சேர்வது வேறு வகை: தனித்தனியே சரியாக வேலை செய்யும் இரண்டு விதிகள், யாரும் எதிர்பாராத இடத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது. 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் வந்த ‘கரப்டட் பிளட்’ தொற்று பலருக்கும் தெரிந்திருக்கும். சுல்குருப் என்ற இடத்தில் ஹக்கார் என்ற பெரிய எதிரி, தாக்க வருகிறவர்கள் மேல் ஒரு நோயை ஏவும். பக்கத்தில் நிற்பவருக்கும் அது பரவும், பரவ வேண்டும் என்றே வடிவமைத்தார்கள், அந்த இடத்தோடு ஓய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. வேடர் வகைப் பாத்திரத்தில் ஆடுகிறவர்கள் தங்கள் செல்லப்பிராணியை மறைத்து வைத்துவிட்டு வேண்டும்போது மறுபடி அழைக்கலாம், அதுவும் சரியாகவே வேலை செய்தது. ஆனால் நோயோடு மறைத்த பிராணி, நகரத்தின் நடுவில் அழைத்தபோது நோயோடே வந்து நின்றது! அங்கிருந்து கடைக்காரப் பாத்திரங்களுக்குத் தொற்றியது. அவை சாகவில்லை, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பரப்பிக்கொண்டு நின்றன. புதிதாக ஆட வந்தவர்கள் தெருவிலேயே கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்தார்கள். தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து 2007இல் மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். இதில் பிழையான வரி எது? ஆட்களுக்கு என்று எழுதிய விதி விலங்குக்கும் பொம்மைக்கும் போய்ச் சேர்ந்தது. பவணந்தியாரிடம் காட்டியிருந்தால் திணை மயங்கிற்று என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

2006 ஜூனில் ரூன்ஸ்கேப் என்ற இன்னோர் ஆன்லைன் விளையாட்டில் நடந்ததும் இதே ரகம்தான். வீடு கட்டும் திறனில் முதன்முதலாக 99ஆம் நிலையைத் தொட்ட ஒருவர் தன் வீட்டில் விருந்து வைத்தார். வீட்டுக்குள் சண்டைக் களம் இருந்தது, அதற்குள் மட்டும் ஒருவரை ஒருவர் தாக்கலாம். கூட்டம் தாங்காமல் அவர் எல்லாரையும் வெளியேற்றியபோது, களத்துக்குள் இருந்த சிலருக்குத் தாக்கும் உரிமை மட்டும் ஒட்டிக்கொண்டே வெளியே வந்தது. ஃபாலடார் நகரத் தெருவில் அவர்கள் வெட்டினார்கள், வெட்டுப்பட்டவர்களால் திருப்பி அடிக்க முடியவில்லை. இடத்துக்கு உரிய விதி ஆளோடு நழுவி வந்துவிட்டது. இதைவிடப் பச்சையாக ‘வழு’ என்ற சொல்லை விளக்க முடியுமா என்று தெரியவில்லை. (நன்னூல் சொல்லும் ‘இடம்’ தன்மை, முன்னிலை, படர்க்கை. இதை இடவழு என்று சொல்லி இலக்கணப் புலவர்களிடம் மாட்டிக்கொள்ள மாட்டேன்.) முதலில் சொன்ன, பேச்சுப் பெட்டி திறக்காத பாத்திரம் இருக்கிறதே, அதன் உறவுக்காரப் பாத்திரம் ஒன்றும் உண்டு. ‘காட்டுக்குப் போய் வந்தாயா?’ என்று அது கேட்கும், நமக்குக் கிடைக்கும் பதில்கள் ‘பொருள்களைக் காட்டு’, ‘விடைபெறுகிறேன்’ இரண்டு மட்டும். இது அப்பட்டமான வினா, விடை வழு.

நேர்மையாகச் சொன்னால் எல்லாமே வழு அல்ல. வாளின் வலிமை 10 என்று இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 100 என்று அடித்துவிட்டால் அது வெறும் பிழைதான். வைத்துக்கொள்ளுங்கள்.

பிழைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிழைத்தல் என்றால் தப்பு செய்தல், உயிர் தப்புதல் இரண்டும்தான். ஆட்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை செத்துச் செத்துப் பிறக்கும் விளையாட்டில் ‘உங்கள் தோழர் பிழைத்தார்’ என்று ஒரு வரி வந்தால் மருந்து கொடுப்பதா, புகார் கொடுப்பதா? ‘பிழைதிருத்தம்’ என்ற சொல்லோ ஏற்கெனவே அச்சுக்கூடத்தில் வேலையாக இருக்கிறது. மெய்ப்புப் பார்த்து ஒற்று மிகுமா மிகாதா என்று திருத்துகிறவருக்குச் சொந்தமான சொல்லைப் பிடுங்கி நிரலாளருக்குக் கொடுத்துவிட்டு, அதையே மறுபடி விளையாடுகிறவர் தலையிலும் கட்டுகிறோம். வழு என்றால் இந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை, வழு அறிக்கை, வழுநீக்கம், வழுநீக்கி என்று மளமளவென்று கிளை விடும். கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் நெடுநாளாக இப்படித்தான் எழுதுகிறார்கள். விளையாட்டுக்காரர்களிடம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

‘யாருக்குப் புரியும்?’ என்று கேட்பார்கள். ‘நெறி வழுவாமல்’, ‘கடமையிலிருந்து வழுவினார்’ என்று நாளிதழிலேயே படிக்கிறோம். பள்ளியில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று ஒப்பித்தவர்கள்தானே எல்லாரும்? ‘மதிப்பெண்ணுக்காகப் படித்தோம், மறந்துவிட்டோம்’ என்பது சொல்லின் குற்றமா? பதிவிறக்கம் என்ற சொல்லும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியாமல்தான் இருந்தது.

வழுவமைதி என்று சொன்னேனே, என் கட்சியின் பெரிய பலமே அதுதான். பசுவைப் பார்த்து ‘என் அம்மா வந்துவிட்டாள்’ என்று ஒருவர் சொன்னால் இலக்கணப்படி அது திணை வழு. ஆனால் அன்பினால் சொன்னது என்பதால் ஏற்றுக்கொள்கிறோம், அதுதான் வழுவமைதி. நிரலாளர்கள் பக்கைக் காட்டினால் ‘அது பக் இல்லை, வசதி’ என்று சிரித்து மழுப்புவார்களே, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் உண்மையான நிலைமைக்கு நம்மிடம் நூற்றாண்டுகளாகப் பெயர் இருக்கிறது. 2019 மே மாதம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் பழைய வடிவத்தைக் ‘கிளாசிக்’ என்ற பெயரில் சோதனைக்கு விட்டபோது, ஆடியவர்கள் பக் பக் என்று புகார்களாகக் குவித்தார்கள். ‘இவை பக் அல்ல’ என்று அதை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் ஒரு பட்டியலே வெளியிட வேண்டியிருந்தது. டாரன் இனத்தவரின் தாக்குபரப்பு (அடி படும் உடற்பரப்பு) மற்றவர்களைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும், அவர்கள் கை எட்டும் தூரமும் கூடுதலாக இருக்கும், அச்சம் பிடித்து ஓடுகிறவர்கள் வேகமாக ஓடுவார்கள், இப்படி. முதல் வெளியீட்டில் இருந்த கோணல்களே பழகிப் பழகி மரபாகிவிட்டன, சரிசெய்தால்தான் சண்டைக்கு வருவார்கள். பழைய ரூன்ஸ்கேப்பில் எல்லாச் செயலும் 0.6 நொடித் துடிப்பில் நடக்கும், அந்தத் துடிப்பை ஏமாற்றி வேகமாக மீன் பிடிக்கும் வித்தைகளை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை, இன்று அது தேர்ந்தவர்களின் கலை. இவற்றையெல்லாம் ‘ஏற்கப்பட்ட பிழை’ என்றா எழுதப்போகிறீர்கள்? வழுவமைதி என்று எழுதினால் ஒரே சொல்லில் முடிந்தது.

அப்புறம் ட்ரபிள்ஷூட்டிங். இந்தச் சொல் தந்தி, தொலைபேசிக் கம்பிகளில் எங்கே பழுது என்று தேடிப்போன ஆட்களிடமிருந்து வந்தது. அவர்கள் வேலையில் பாதிக்கு மேல் தேடல், திருத்தல் கடைசியில்தான். விளையாட்டிலும் அப்படியே. நம் கண்ணில் படுவது கோளாறு. அதற்கு வழு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பேச்சுப் பெட்டி திறக்கவில்லையா, முதலில் வெளியேறி மறுபடி உள்ளே வந்து பார்க்கிறோம். விளையாட்டோடு நாமே சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களான ஆட்‌ஆன்களை எல்லாம் நிறுத்திவிட்டு அதே பாத்திரத்தைக் கிளிக் செய்கிறோம். திறந்துவிட்டால் குற்றவாளி ஏதோ ஓர் ஆட்‌ஆன், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். திறக்கவில்லை என்றால் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதியை ஓடவிடுகிறோம். பக்கத்தில் நிற்கும் இன்னொருவரைக் கிளிக் செய்யச் சொல்கிறோம். அவருக்கும் திறக்கவில்லை என்றால் சர்வர் பக்கம்தான் விஷயம். அவருக்கு அந்தப் பாத்திரமே தெரியவில்லை என்றால் பதற வேண்டாம், கதையில் அவர் வேறு கட்டத்தில் இருக்கலாம், கட்டத்துக்குக் கட்டம் உலகத்தையே மாற்றிக் காட்டும் விளையாட்டுகள் உண்டு. இவ்வளவிலும் நாம் ஒரு பிழையையும் திருத்தவில்லை, எங்கே கோளாறு என்று பார்த்தோம், அவ்வளவுதான். ‘கோளாறு அறிதல்’ என்று எழுதுங்கள். அது புத்தகத்தனமாக இருந்தால் ‘என்ன கோளாறு?’ என்றே தலைப்பு வையுங்கள். அறிந்தது வழு என்றால் வழு அறிக்கை அனுப்பலாம், அதை நீக்குவது சம்பளம் வாங்குகிறவர்கள் வேலை.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. படம் இல்லை, சூழல் இல்லை, ஒரு விரிதாளில் ஆயிரக்கணக்கான துண்டுச் சொற்களைக் கொடுத்து நாளைக்கே வேண்டும் என்றால் இப்படித்தான் வரும். ஆனாலும் சேர்ந்து ஆடும் குழுவான ‘பார்ட்டி’யை ஒருவர் கட்சி என்று பெயர்த்ததால் ‘நீங்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டீர்கள்’ என்று அறிவிப்பு வருகிறது. பெருங்கூட்டமாகப் போய்ப் பெரிய எதிரியைத் தாக்கும் ‘ரெய்டு’ சோதனை ஆகிவிட்டது, ஏதோ வருமான வரித் துறை குகைக்குள் புகுந்த மாதிரி. முன்னால் நின்று அடி வாங்கும் வீரன் ‘டேங்க்’ அல்லவா, அவன் தொட்டி. ஒரு தடவையாவது அந்த விளையாட்டை ஆடியவர் இதை எழுதியிருக்க மாட்டார். தமிழ் தெரிந்தவர் என்று பார்த்து வேலை கொடுக்கிறவர்கள், ஆட்டம் தெரிந்தவரா என்றும் பார்க்க வேண்டும்.

வழுவைத் தெரிந்தே பயன்படுத்தித் தங்கத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள் செய்வது எக்ஸ்ப்ளாய்ட். இதற்குச் ‘சுரண்டல்’ என்று அகராதிப்படி போடுகிறார்கள். சுரண்டப்படுவது யார் என்று யோசித்தால் தலை சுற்றும். சட்டத்தில் ஓட்டை என்கிறோமே, அந்த ஓட்டையே இங்கும் போதும்: ‘ஓட்டையைப் பயன்படுத்தியதற்காகக் கணக்கு முடக்கப்பட்டது’. கிளிட்சுக்கு மட்டும் எனக்குப் பிடித்த சொல் இன்னும் அகப்படவில்லை. கை சுவருக்குள் போய் வருகிறது, குதிரை ஒரு நொடி வானத்தில் நிற்கிறது, மறுநொடி சரியாகிவிடுகிறது. தடுமாற்றம் என்று சிலர் எழுதுகிறார்கள், குதிரைக்குப் பொருந்துகிறது, சுவருக்குள் போன கைக்குப் பொருந்தவில்லை. அதுவரை கிளிட்ச் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன். பிழை என்று எழுதுவதாக இல்லை.